பென்டிரைவ் திறக்கவில்லையா? போர்மட் செய்யாதேங்கோ

பிறப்பத்தாட்சி, கிராம சேவகர் கடிதம், பொலிஸ் முறைப்பாடு, காயத்தின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்திருப்பீர்கள். அமீரகம் உட்பட வளைகுடாவின் ஆறு நாடுகளும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அதனால் ஐ.நா. அகதிகள் முகவரகத்திடம்தான் ஆவணங்களைக் காட்ட வேண்டியிருக்கும். தொலைந்தால் தூதரகத்தில் போய் மறுபிரதி கேட்க உங்களில் பலரால் ஏலாது.

லினக்ஸ் கொம்பியூட்டரில் செருகியதும் 'மவுண்ட் செய்ய முடியவில்லை' என்று வந்தால் பதறாதேங்கோ. மவுண்ட் என்றால் டிரைவை ஒரு போல்டரோடு இணைத்துத் திறப்பது. அலுமாரிக்குள் புத்தகம் இருக்கு, கதவுதான் திறபடவில்லை. பெரும்பாலும் அவ்வளவுதான்.

முதலில் வேறு துளையில், மேசைக் கணனி என்றால் பின்பக்கத்தில், செருகிப் பாருங்கள். பிறகு டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். உங்கள் டிரைவின் அளவு, 8 ஜிபியோ 16 ஜிபியோ, பட்டியலில் தெரிந்தால் டிரைவ் உயிரோடு இருக்கு. தெரியாவிட்டால் துளையோ டிரைவோ பழுது.

தெரிந்தும் திறக்கவில்லை என்றால், வழக்கமான காரணம் விண்டோஸ்தான். 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் இழுத்தெடுத்த என்டிஎஃப்எஸ் டிரைவை லினக்ஸ் ஏற்கத் தயங்கும். திரும்ப விண்டோஸில் செருகி, முறையாகக் கழற்றிக் கொண்டு வாருங்கள். விண்டோஸ் கணனி கிடைக்காவிட்டால் 'வாசிக்க மட்டும்' என்ற முறையில் மவுண்ட் செய்யச் சொல்லுங்கள். அதில் ஒன்றும் எழுதப்படாது, பிரதி எடுக்கப் போதும். எக்ஸ்ஃபாட் டிரைவ் என்றால் சங்கதி வேறு: 2019இல் வந்த 5.4 கேர்னலில்தான் அதற்கான ஆதரவு சேர்ந்தது, பழைய லினக்ஸில் தனியாக ஒரு மென்பொருள் போட வேண்டும்.

'இன்புட் அவுட்புட் எரர்' என்று வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். டிரைவ் சாகப் போகுது. திரும்பத் திரும்பச் செருகாமல், டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளால் முழுப் பிரதி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திருத்தும் வேலை எல்லாம் அந்தப் பிரதியில்தான்.

'போர்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் 'இல்லை' என்று அழுத்துங்கள். தெருக்கடையில் கொடுத்துவிட்டுப் போகவும் வேண்டாம். அதற்குள் உங்கள் முழு வழக்கும் இருக்கு. பக்கத்தில் நின்று பாருங்கள், இல்லாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள்.