படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்

நம் ஊர் அரசுப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்? பள்ளிக்கு வந்த பணத்தில் எந்த வேலையை முதலில் செய்வது? குழந்தைகளுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வரும்? இதையெல்லாம் யார் முடிவு செய்ய வேண்டும்?

"அது சர்க்கார் வேலை. நமக்கு என்ன தெரியும்?" என்று பலர் சொல்வார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்த முடிவுகளில் பெற்றோருக்கும் ஊருக்கும் பங்கு உண்டு என்று சட்டமே சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் சுமார் 10 லட்சம் அரசுப் பள்ளிகள் உள்ளன. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமை உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது.

இந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு முக்கியமானது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கர்நாடகத்தில் இதற்குப் பள்ளி மேம்பாடு மற்றும் கண்காணிப்புக் குழு என்று பெயர். இந்தி பேசும் சில மாநிலங்களில் வித்யாலய பிரபந்தன் சமிதி என்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இந்தக் குழு உண்டு. ஆனால் அங்கே அது ஆலோசனை மட்டுமே சொல்லும்.

குழுவில் யார் இருப்பார்கள்? நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். 16 பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 பேராவது பெற்றோராக இருக்க வேண்டும். 8 பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவைச் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கும் உரிய இடம் தர வேண்டும். ஆசிரியரும், மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி உறுப்பினரும் குழுவில் இருப்பார்கள்.

ஆக, குழுவில் பெரும்பான்மை நாம்தான்.

மக்கள் கூடி முடிவெடுத்த இடங்கள்

இது புதிய எண்ணம் இல்லை. பல மாநிலங்களில் மக்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ராஜஸ்தானில் 1992-இல் 'லோக் ஜும்பிஷ்' என்ற திட்டம் தொடங்கியது. மக்கள் இயக்கம் என்பது அதன் பொருள். ஊர் மக்களே வீடு வீடாகப் போனார்கள். ஊரின் படத்தை வரைந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள், யார் பள்ளிக்குப் போகிறார்கள், யார் போகவில்லை என்று படத்தில் குறித்தார்கள். பள்ளிக்குப் போகாத பெண் குழந்தைகள் எந்தெந்த வீட்டில் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஊருக்கு என்ன தேவை என்று அந்தப் படத்தை வைத்துப் பேசினார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் 1997-இல் கல்வி உறுதித் திட்டம் வந்தது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் பள்ளி இல்லாத ஊரில் 40 குழந்தைகள் இருந்தால் ஊர் மக்கள் பள்ளி கேட்கலாம். பழங்குடி ஊர் என்றால் 25 குழந்தைகள் போதும். கேட்ட 90 நாளுக்குள் ஏற்பாடு செய்வதாக அரசு உறுதி தந்தது.

நாகாலாந்தில் 2002-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். கிராமக் கல்விக் குழுவின் கையில் தொடக்கப் பள்ளியின் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆசிரியர் சம்பளமும் குழு வழியாகவே போனது. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று வைத்தார்கள். இந்த முயற்சிக்கு 2008-இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சேவை விருது கிடைத்தது.

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். சட்டம் நமக்கு நாற்காலி போட்டுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

ஒரு கூட்டம்

இப்படி ஒரு கூட்டத்தை மனதில் நினைத்துப் பாருங்கள்.

அது ஒரு தொடக்கப் பள்ளி. குழு கூடியிருக்கிறது. புதிதாக உறுப்பினரான ஒரு தாய் வந்திருக்கிறார். அவர் கூலி வேலை செய்பவர். போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். தீர்மானப் புத்தகம் ஒவ்வொருவர் கையாக மாறி வருகிறது. பக்கத்தில் இருந்த பெண் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"சீக்கிரம் போடு தங்கச்சி. வீட்டுல வேலை கிடக்குது."

"கொஞ்சம் இருங்கக்கா. என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் போடுறேன்."

"நான் எப்பவும் படிச்சதில்லை. காட்டுற இடத்துல போடுவேன்."

"அப்போ நமக்கு எழுத்துத் தெரியாதுக்கா. இப்போதான் தெரியுமே!"

அந்தத் தாய் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'பெண் குழந்தைகள் கழிப்பறை. பழுது பார்க்கும் பணி முடிந்தது' என்று எழுதியிருந்தது. அவருக்குத் திக்கென்றது. அவருடைய மகள் அவசரம் என்றால் பாதிப் பாடத்தில் வீட்டுக்கு ஓடி வருகிறாள். சில நாள் திரும்பிப் போவதே இல்லை.

"டீச்சர், கழிப்பறை வேலை முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கு. ஆனா அது பூட்டியே கிடக்குதே?"

தலைமை ஆசிரியை சொன்னார்: "கதவு மாத்தியாச்சும்மா. தண்ணிக் குழாய்க்குப் பணம் பத்தலை. தண்ணி இல்லாம திறந்துவிட்டா ரெண்டு நாள்ல நாறிப்போகும். அதான் பூட்டி வெச்சிருக்கேன்."

"அப்போ அதையே எழுதலாமே டீச்சர். வேலை முடிஞ்சுதுன்னு எழுதிட்டா, தண்ணிக்கு யார் பணம் தருவாங்க?"

எல்லாரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்தார். 'கதவு மாற்றப்பட்டது. தண்ணீர் இணைப்பு இல்லை. கழிப்பறை பயன்பாட்டில் இல்லை. ஊராட்சியிடம் குழாய் இணைப்புக் கேட்பது' என்று எழுதினார். ஊராட்சி உறுப்பினர் எழுந்தார். அடுத்த கூட்டத்துக்குள் பதில் வாங்கி வருவதாகச் சொன்னார். அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள்.

இன்னொரு தாய்க்கும் தைரியம் வந்தது. "காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வெச்சா எங்களுக்கு ஒரு நாள் கூலி போகுதுங்க" என்றார். இனி மாலை ஐந்து மணிக்குக் கூடுவது என்று முடிவாயிற்று.

அதன் பிறகுதான் அந்தத் தாய் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இருந்த பெண் கையை நீட்டினார். "புத்தகத்தைக் குடு. நானும் ஒரு தடவை படிச்சுப் பாக்குறேன்."

இந்தக் கூட்டத்தில் யாரும் சண்டை போடவில்லை. ஆசிரியை பணத்தைத் திருடவும் இல்லை. ஆனால் உண்மை நிலை புத்தகத்தில் ஏறவில்லை. ஒருவர் படித்தார், கேட்டார். உண்மை எழுத்தில் ஏறியது. இனி அதை வைத்து மேலே கேட்க முடியும்.

எவற்றைப் படிக்க வேண்டும்?

1. தீர்மானப் புத்தகம். மாதம் ஒரு முறையாவது குழு கூட வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. கூட்டத்தில் எடுத்த முடிவுகளை எழுதி வைக்க வேண்டும். பொதுமக்கள் பார்க்கவும் தர வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தனக்கென விதிகள் வகுத்துள்ளது. நம் மாநில விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

2. வரவு செலவுக் கணக்கு. அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது குழுவின் வேலை. எவ்வளவு வந்தது? எதற்குச் செலவானது? ரசீது இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகள் போதும்.

3. குழந்தைகளின் வருகைப் பதிவேடு. பல நாள் வராத குழந்தை யார்? ஏன் வரவில்லை? அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுவது ஊர்க்காரரால் எளிதில் முடியும்.

4. பள்ளி மேம்பாட்டுத் திட்டம். பள்ளிக்கு என்னென்ன தேவை என்று குழுவே தயாரிக்கும் திட்டம் இது. மாதிரி விதிகளின்படி இது மூன்று ஆண்டுக்கான திட்டம். எத்தனை குழந்தைகள் சேருவார்கள், எத்தனை ஆசிரியர் வேண்டும், எந்தக் கட்டடம் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்று இதில் எழுத வேண்டும். இதில் எழுதாத தேவை மேலே இருப்பவர்கள் கண்ணில் படுவது கடினம்.

எதைக் கேட்கலாம்?

சட்டத்தில் உள்ள அளவுகள் தெரிந்தால் கேட்பது எளிது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள் வேண்டும். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். ஒரு ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். பாதுகாப்பான குடிநீர் வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகள் தடையில்லாமல் வந்து போக வழி வேண்டும். 1 முதல் 5-ஆம் வகுப்புக்கு ஆண்டில் 200 நாள் பள்ளி நடக்க வேண்டும்.

ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் பெரும்பாலும் குழுவின் கையில் இல்லை. ஆனால் ஆசிரியர் இடம் காலியாக இருப்பதைக் குழு தீர்மானமாக எழுதி அனுப்பலாம். ஆசிரியருக்கு வேறு வேலைகளைச் சுமத்தினால் அதையும் எழுதலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர கல்வி சாராத வேறு வேலையில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. இதில் ஆசிரியருக்குத் துணை நிற்பதும் நம் கடமை.

கேட்டும் நடக்கவில்லை என்றால்?

குழந்தையின் கல்வி உரிமை பாதிக்கப்பட்டால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். 32-ஆவது பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதலும் வாங்குங்கள்.

எழுதிப் பழகுவோம்

கீழே உள்ள மனுவைப் பார்த்து எழுதுங்கள். உங்கள் பள்ளியின் தேவையை அதில் சேருங்கள்.

பெறுநர்: ஊராட்சித் தலைவர் அவர்கள்.
பொருள்: பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்புக் கேட்டல்.
ஐயா / அம்மா,
எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் பெண் குழந்தைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை. அதனால் அது பூட்டிக் கிடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு இதுபற்றித் தீர்மானம் போட்டுள்ளது. தீர்மான நகல் இணைத்துள்ளோம். விரைவில் குழாய் இணைப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
இப்படிக்கு, குழு உறுப்பினர்கள். (கையெழுத்து, நாள்)

பதில் சொல்வோம்

1. 20 பேர் கொண்ட குழுவில் குறைந்தது எத்தனை பேர் பெற்றோராக இருக்க வேண்டும்?
2. கதையில் வரும் தாய் ஏன் உடனே கையெழுத்துப் போடவில்லை?
3. 80 குழந்தைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்?

கூடிப் பேசுவோம்

நம் ஊர்ப் பள்ளிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? கடைசியாக எப்போது கூடினார்கள்? என்ன முடிவு எடுத்தார்கள்? இந்த வாரம் நாலு பேராகப் பள்ளிக்குப் போங்கள். தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒருவர் உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள்.