கூடைக் கணவாயும் ஆழ்கடல் கணவாயும்

கேள்வி: மதுரை மீன் சந்தையில் விரல் நீளக் கணவாயும் இருக்கிறது, முழங்கை நீளக் கணவாயும் இருக்கிறது. பெரியது வயதில் மூத்ததா, வேறு இனமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டும் நடக்கலாம். நம் ஊருக்கு அதிகம் வருவது ஊசிக்கணவாய். கரையோரக் கடலில் கூட்டமாகத் திரியும். கைகளை விட்டுவிட்டு உடலை மட்டும் அளந்தால் பெரும்பாலும் 10 முதல் 20 செ.மீ. இருக்கும். ஆயுள் ஏறக்குறைய ஓராண்டுதான். அதற்குள் மளமளவென்று வளர்ந்துவிடும்.

உடலின் முழு நீளத்துக்கும் அகன்ற துடுப்பு ஓடினால் அது வேறு இனம். பாக் நீரிணை, மன்னார் வளைகுடாவின் கடற்புல், பவளத்திட்டுப் பகுதிகளில் வாழ்வது. உடலே 30 செ.மீ.க்கு மேல் போகும். உள்ளே வெள்ளை ஓடு இருந்தால் அது ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாயின் உறவு.

உண்மையான பெருங்கணவாய்கள் ஆழ்கடலில்தான். ராட்சதக் கணவாய், நீண்ட கைகளையும் சேர்த்தால் சுமார் 12 மீட்டர். நீளத்தில் அதைவிடக் குறைந்தாலும் எடையில் முந்துவது அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த குளிர்கடலில் வாழும் இன்னோர் இனம். 2007இல் ராஸ் கடலில் பிடிபட்ட ஒன்று 495 கிலோ!

குழம்புக்கு என்றால் சின்னதையே வாங்குங்கள். சீக்கிரம் வேகும்.