கமக்காரரின் உணவில் மரக்கறியும் பழமும்

முத்தையன்கட்டிலும் தருமபுரத்திலும் கத்தரி, வெண்டி, பயற்றங்காய் மூடைகள் விடியுமுன் லொறியில் ஏறுகின்றன. அவற்றை விளைவித்த வீட்டில் மதியம் பரிமாறப்படுவது யாது? குவித்த சோறு, உருளைக்கிழங்குக் கறி, சிறிது சொதி. சந்தையில் விலைபோகாத சொத்தைக் காய்களே அடுக்களைக்கு வருகின்றன. இக்குறை கமக்காரரிடம் மட்டுமன்று, போதனாசிரியராகிய எம்மிடமும் உண்டு.

அனுசேப நோய்த்தொகுதி என்பது தனியொரு நோயன்று. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் அல்லது அதற்கு மேலும் இருத்தல், குருதியமுக்கம் 130/85 அளவை எட்டுதல், உண்ணாநிலையில் குருதி வெல்லம் 100 மில்லிகிராமை எட்டுதல், குருதியிற் கொழுப்பு மிகுதல், நற்கொழுப்புக் குறைதல் ஆகிய ஐந்தில் மூன்று ஒருவரிடம் சேர்ந்திருப்பதே அதுவாகும். சலரோகம், இருதய நோய், பாரிசவாதம் என்பன இதன் வழியே வருகின்றன. நோவு இன்மையால் பலர் இதனை அறியார்.

2005-2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வொன்றில் வளர்ந்தோரில் ஏறத்தாழ நான்கிலொருவரிடம் இது காணப்பட்டது. வடக்கும் கிழக்கும் அக்கணக்கிற் சேரவில்லை. அதனால் வன்னியார் தப்பினர் என எண்ணலாகாது. மாடும் மண்வெட்டியும் கொண்டு செய்த வேலையை இன்று உழவு இயந்திரம் செய்கின்றது; சோற்றின் அளவோ குறையவில்லை.

மரக்கறியும் பழமும் மிகுதியாக உண்போரிடம் இந்நோய்த்தொகுதி குறைவென்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அத்தகையோர் வேறு நற்பழக்கமும் உடையராயிருக்கலாம். ஆதலின் முழுப் பயனையும் உணவுக்கே உரித்தாக்குதல் பொருந்தாது. ஆயினும் நார்ப்பொருள் வெல்லம் குருதியிற் சேரும் விரைவைத் தணிக்கும். வயிறு நிறைவதால் சோறு குறையும். பொற்றாசியம் குருதியமுக்கத்தைத் தாழ்த்த உதவும். வவுனியாப் பக்கத்திற் சிறுநீரக நோயுடையோர் பொற்றாசியம் மிகுந்த கீரை, வாழைப்பழம் முதலியவற்றைக் கூட்டுமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். சலரோகமுடையோர் பழத்தை அளவோடு உண்க, மருந்தை நிறுத்தற்க.

உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம். ஐவருள்ள குடும்பத்திற்கு 2 கிலோகிராம் ஆகின்றது. மரவள்ளி, வத்தாளை, உருளைக்கிழங்கு ஆகியவை இதிற் சேரா. சீனி கரைத்த பழச்சாறும் பழமாகாது.

இவ்வளவையும் காசு கொடுத்து வாங்குதல் அரிது. கிணற்றடியில் விளைவித்தல் எளிது. குளிக்கும் நீர் ஓடும் வாய்க்காலோரம் வாழையும், நீர் தேங்காத மேட்டிற் பப்பாசியும் நடுக. பப்பாசிக் குழியொன்றிற்கு மூன்று கன்றுகள் வைத்து, பூத்தபின் ஆண் மரங்களை நீக்கி, குழிக்கொன்றாகப் பெண் மரத்தை விடுக. பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். ஐப்பசி மழையுடன் முருங்கைத் தடி ஊன்றினால் இலைக்குக் குறைவிராது. முளைக்கீரை ஒரு மாதத்துள் அறுவடைக்கு வருமாதலின், ஒரே நாளில் விதையாது, இரு வாரத்திற்கொரு பாத்தியாக விதைத்தல் வேண்டும். கோடையிற் பாத்திகளை வைக்கோலால் மூடி, மாலையில் நீர் விடுக.

சந்தைப் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி இப்பாத்திகளிற் படாதவாறு காற்றின் திசையறிந்து இடம் தெரிக. விற்பனைத் தோட்டத்திலிருந்து சமையலுக்கு எடுப்பதாயின், மருந்துப் போத்தலிற் குறித்த நாட்கள் கழிந்த பின்பே பறித்தல் வேண்டும்.