சோறு ஒரு அகப்பை குறையட்டும், கறி ஒரு அகப்பை கூடட்டும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் முதியோர் கூடியுண்ணும் பந்திகள் பல: முதியோர் இல்லச் சாப்பாடு, முதியோர் சங்க விருந்து, கோயில் அன்னதானம், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. அப்படியொரு சமையலுக்கு நீங்கள் பொறுப்பேற்றிருந்தால், இதை முதலில் மனதில் வையுங்கள். வயது ஏற ஏறச் சாப்பிடும் அளவு குறையும். புரதத் தேவை குறையாது. சோற்றைக் குவித்து வைப்பது உபசாரமாகத் தெரியும், உடம்பைத் தேற்றாது.

புரதத்தைக் கணக்குப் பாருங்கள்

முதியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். வேளைக்கு ஏறக்குறைய 20 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் மீன் சதையில் 20 கிராம் அளவு. காலையில் வெறும் பிட்டும் சம்பலும் என்றால் கணக்கு அங்கேயே விழுந்துவிடும். பிட்டு மாவில் உழுத்தம்மா கலவுங்கள். அவித்த கௌபியோ, முட்டையோ, எருமைத் தயிரோ பக்கத்தில் வையுங்கள். கஞ்சிக்குப் பயறோ பருப்போ சேருங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

முள்ளை எடுத்துக் கொடுங்கள்

பல் விழுந்தவரும் பார்வை மங்கியவரும் முள்ளுக்குப் பயந்தே வாவி மீனை ஒதுக்குகிறார்கள். கேட்டால், "எனக்கு மீன் வேண்டாம், சொதி போதும்" என்பார்கள். சுறா வறைக்குச் செய்வதுபோல மஞ்சள் போட்டு மீனை அவியுங்கள். ஆறியதும் முள்ளெடுத்து உதிர்த்து, வெங்காயம், தேங்காய்ப்பூவுடன் வறையாக்குங்கள். உதிர்த்த சதையை இன்னொருவர் விரலால் தடவிப் பார்த்த பிறகே அது சட்டிக்குப் போக வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுபவரை வைத்தியரிடம் காட்டுங்கள்.

உப்பை நிறுத்துப் போடுங்கள்

நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியத்துக்கு ஆளுக்கு 2 கிராம் என்று வைத்தால் 40 பேருக்கு 80 கிராம். கைக்கணக்கை விட்டுத் தராசை எடுங்கள். நெத்தலிக் கருவாடு சேரும் நாளில் அதை ஊறவைத்துக் கழுவி, உப்பை இன்னும் குறையுங்கள். தேசிக்காய்ப்புளி, மிளகு, கறிவேப்பிலை ருசியை ஈடுசெய்யும்.

பிளேன்டீயைத் தள்ளிப்போடுங்கள்

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். முருங்கையிலை வறையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். முதுமையில் தாகம் தெரிவதும் குறையும். ஆகவே கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள்.

நேரத்தைக் கவனியுங்கள்

சமைத்த உணவை, அதிலும் தேங்காய்ப்பால் கறியை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பார்சலுக்கும் இதே விதிதான்.

பதிவு வைத்திருங்கள்

மாதம் ஒருமுறை ஒவ்வொருவரின் எடையையும் கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது 50 கிலோவில் 2.5 கிலோவுக்கு மேல் போனால், வைத்தியரிடம் அனுப்புங்கள். தட்டுகளில் மிஞ்சுவதையும் குறித்து வையுங்கள். எது பிடிக்கவில்லை, எதை மெல்ல முடியவில்லை என்பது அதில் தெரியும்.

முட்டைக்கும் மீனுக்கும் நிர்வாகத்திடம் பணம் கேட்கப் போகும்போது இந்தக் கொப்பியோடு போங்கள். வீணாகும் சோற்றின் கணக்கையும் கூடவே காட்டுங்கள். சமையலறைக்கு வெளியே உங்கள் சொல் எடுபட, அந்தக் கணக்கே உங்களுக்குத் துணை.