முடிச்சு படுத்துக் கிடக்க வேண்டும்

பரிசைத் துணியில் சுற்றித் தரும் ஜப்பானியப் பழக்கத்துக்கும், சுற்றும் துணிக்கும் ஃபுரோஷிகி என்றுதான் பெயர். டோக்கியோவில் வேலை பார்த்த காலத்தில் எனக்கும் தொற்றிக்கொண்டது. மடிப்பு வகைகள் ஏராளம். படத்தைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால் அளவும் முடிச்சும் பிசகினால் எந்த மடிப்பும் நிற்காது.

துணியை விரித்து, மூலைக்கு மூலை உள்ள நீளத்தைப் பாருங்கள். பரிசுப் பொருள் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. 45 செ.மீ. துணி சாப்பாட்டு டப்பாவுக்கு. 70 செ.மீ. இருந்தால் இனிப்புப் பெட்டி, புத்தகங்கள், ஒற்றைப் பாட்டில் எல்லாம் அடங்கிவிடும். ஒரே ஒரு துணிதான் வாங்குவது என்றால் 70-ஐ வாங்குங்கள்.

முடிச்சை மா-முசுபி என்பார்கள். ஒரு முனையை மற்றதன் மேல் போட்டு ஒரு கட்டு. அடுத்த கட்டிலும் அதே முனைதான் மேலே வர வேண்டும். சரியாக விழுந்தால் இரண்டு காதுகளும் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். மேலும் கீழுமாக நட்டுக்கொண்டு நின்றால் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பாதி வழியில் நழுவும். அவிழ்க்க நகம் வேண்டாம். ஒரு காதையும் அது புறப்படும் பக்கத்துத் துணியையும் எதிரெதிராகச் சுண்டி இழுத்தால் அந்த முனை நேராகிவிடும். மற்றதை அப்படியே உருவிவிடலாம். பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

இரண்டு பாட்டில்களுக்கு 90 செ.மீ. துணி. அடிப்பாகங்கள் எதிரெதிரே இருக்குமாறு, நடுவில் சற்று இடம் விட்டுப் படுக்கவைத்து, ஒரு மூலையிலிருந்து உருட்டிக்கொண்டு போங்கள். பிறகு இரண்டையும் நிமிர்த்தினால் அந்த இடைவெளி அடியில் மடியும். மேலே இரு முனைகளையும் கட்டினால் அதுவே கைப்பிடி.

துணி யாருக்கு என்பதில்தான் சங்கடம். மரபுப்படி, கொடுப்பவரே பிரித்து, பொருளை மட்டும் நீட்டிவிட்டுத் துணியை மடித்து எடுத்துப் போவார். நண்பர்களுக்குள் இப்போது துணியையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். வாங்கியவர் அதைக் கடைக்குப் போகும் பையாகவும் கட்டிக்கொள்ளலாம். 2006-இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, மறுசுழற்சி செய்த பெட் பாட்டில் இழையில் ‘மொத்தாய்னாய் ஃபுரோஷிகி’யைக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் பைகளைக் குறைக்கத்தான்.

ஊரில் நான் எடுப்பது ரவிக்கைத் துணி. ஏறக்குறைய சதுரம், திருப்பித் தர வேண்டுமோ என்ற குழப்பமும் வராது. பட்டு வழுக்கும், ஜரிகைக் கரை முடிச்சில் கசங்கும். கஞ்சி போக ஒருமுறை அலசிய பருத்தியே நன்றாகப் பிடிக்கும். ஓரம் மட்டும் அடித்துக்கொள்ளுங்கள்.