மர்ச்சிசன் அருவிக்குக் காரில் போகிறீர்களா?

உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. விடியுமுன் கிளம்பினால்தான் நகர நெரிசலில் மாட்டாமல் தப்பலாம். வழியில் மசிண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பிவிடுங்கள், அதற்கப்பால் காடுதான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள்.

காட்டில் சிங்கத்தைவிட அதிகம் படுத்துவது செட்சி ஈ. ஓடும் வண்டியைத் துரத்தி வந்து, துணிக்கு மேலேயே குத்தும். கொசு விரட்டிக் களிம்புக்கு அவ்வளவாக மசியாது. நீலமும் கறுப்பும் அதற்கு ரொம்பப் பிடிக்கும் என்பதால் ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காக்கி, வெளிர் பழுப்பு நல்லது. சட்டை கெட்டித் துணியாக இருக்கட்டும். ஈ மொய்க்கும் இடங்களில் புழுங்கினாலும் பரவாயில்லை, கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

அருவியில், அகன்ற நைல் நதி சுமார் 7 மீட்டர் இடுக்கில் நெருக்கியடித்து 43 மீட்டர் கீழே விழுகிறது. உச்சியில் சாரல் தெறித்துப் பாறை வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள், செல்போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. பாரா படகுத்துறையிலிருந்து படகில் அருவியடிக்கும் போய்வரலாம். என்னைக் கேட்டால் முதலில் படகு, அப்புறம் உச்சி.