எளிய மனமும் இரக்கமும்



மலைப்பிரசங்கத்தில் இயேசு பேறுபெற்றோர் என முதலில் அழைப்பது எளிய மனத்தோரை (மத். 5:3). லூக்கா நற்செய்தியிலோ "மனம்" என்ற சொல்லே இல்லை, ஏழைகள் என்று மட்டுமே இருக்கிறது (லூக். 6:20). காணியும் நகையும் உள்ளவர்களுக்கு மத்தேயுவின் வாசகம் சற்று ஆறுதலாக இருப்பதுண்டு. சொத்து இருந்தால் என்ன, மனதில் பற்று இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

ஆனால் கிரேக்க மூலத்தில் இருவரும் வழங்கும் சொல் ஒன்றே. அது அன்றாடம் உழைத்துச் சீவிப்பவனைக் குறிப்பதல்ல; பிறர் கையை எதிர்பார்த்துக் குறுகி நிற்பவனைக் குறிப்பது. ஆகவே, கடவுள் முன் தானும் கையேந்தி நிற்பவன் என உணர்ந்தவனே எளிய மனத்தவன். இந்த உணர்வு இல்லாதவன் செய்யும் தருமம் எப்படி இருக்கும்?

பிரெடரிக் ஓசானாம் என்பவரின் வாழ்வு இதற்கு நல்ல விளக்கம். 1832இல் பாரிஸ் நகரில் வாந்திபேதி பரவி ஏழைகளே பெருமளவில் மாண்டனர். அக்காலத்தில் அங்கே சட்டம் பயின்ற ஓசானாமிடம் சக மாணவர் சிலர், திருச்சபை முன்னாளில் நன்மை செய்தது சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேள்வி தைத்தது. 1833 ஏப்ரல் 23ஆம் நாள், தம் இருபதாவது பிறந்த நாளன்று, நண்பர் சிலருடன் அவர் தொடங்கியதே நம் பங்குகளிலும் இயங்கும் வின்சென்ட் டி போல் சபை.

ஏழைகளைத் தேடிப் போகும் வழியை அவர்களுக்குக் காட்டியவர் ரொசாலி என்ற கன்னியாஸ்திரி. அவர்கள் ஏழைகளைத் தம்மிடம் வரச் சொல்லவில்லை. இருவர் இருவராக அவர்கள் வீட்டுக்கே போனார்கள். போகிறவன் அங்கே விருந்தாளி. வீட்டுக்காரர் இருக்கச் சொன்னால்தான் இருக்கலாம். கொடுப்பவனுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

பின்னாளில் பேராசிரியராகி, மனைவி மகளோடு வாழ்ந்த ஓசானாம், 1848இல் எழுதிய கட்டுரையொன்றில் உதவியை இரண்டாகப் பிரித்தார்: ஒன்று தாழ்த்துவது, மற்றது மதிப்பளிப்பது. அப்பத்தோடு நின்றுவிடும் உதவி மனிதனைத் தாழ்த்தும். வீடு தேடிப் போய்க் கைபற்றிப் பேசுவது அவனை மதிக்கும். பெற்றவனும் தன் செபத்தால் கைம்மாறு செய்யலாம் என்பதால், அங்கே கடன்பட்டவன் என்று எவனும் இல்லை. நாற்பது வயதில், 1853இல், அவர் மறைந்தார். 1997இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாம் கொடுக்காதவர்கள் அல்லர். பெருநாளென்றால் அரிசியும் உடுப்பும் கொடுக்கிறோம். எங்கே வைத்துக் கொடுக்கிறோம்? பெரும்பாலும் படலையடியில். வேலி அடைக்க வந்தவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கிறோம். அதற்கென்று ஒரு பேணியைப் புறம்பாக வைத்திருந்த வீடுகளில் கத்தோலிக்க வீடுகளும் உண்டு. மறுக்க முடியுமா? பொன் மோதிரக்காரனுக்கு ஆசனம் கொடுத்து, ஏழையை அங்கே நில் என்று சொல்வதை யாகப்பர் கண்டித்தது (யாக். 2:2-4) கோவிலுக்குள் கூடிய விசுவாசிகளைத்தான். கோவிலில் இன்று எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கிறோம். பூசை முடிந்து வீடு வந்ததும், விறாந்தைக் கதிரையில் யாரை இருக்கச் சொல்கிறோம்?